புளியரை மலைப்பாதையில் இரண்டு கூப்பேக்கள்

காலை ஆறு மணிக்குத் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையிலிருந்து கிளம்பினோம். எங்கள் வண்டி சிவப்பு. ஜப்பானில் செய்தது, ஆறு சிலிண்டர். பின்னால் வந்த பச்சை வண்டி இங்கிலாந்தினுடையது, நாலு சிலிண்டர். இரண்டுமே எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கூப்பேக்கள்: இரண்டு கதவு, நீண்ட மூக்கு, சரிந்து இறங்கும் கூரை. பச்சையின் சொந்தக்காரர் பல் டாக்டர் தாமஸ், முதல்நாளே புனலூரிலிருந்து வந்துவிட்டார். எது உசத்தி என்று அவரும் என் கணவரும் மூன்று வருடமாகப் போனில் போட்ட சண்டையை மலையேறித் தீர்ப்பதாக ஏற்பாடு.

என் கணவர் சண்முகம் ராணுவ வாகனப் பட்டறையில் இருபது வருடம் இருந்தவர். துருப்பிடித்த கூடாக வந்த சிவப்பு வண்டியை எழுப்பியது அவர்தான். இரண்டு வருடமாகச் சர்க்கரை நோயால் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிகின்றன. அதன்பின் யார் வண்டியையும் அவர் தொடவில்லை. ஓட்டுவது நான்.

ஆறரை மணி, குற்றாலம். ஆறு கிலோமீட்டர் வந்திருந்தோம். சாரலில் நின்றபடி டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். பச்சையை நான் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வண்டியில் விரல் பட்டாலே கியர் விழும். இதில் கையழுத்தித் தள்ள வேண்டும். ஆனால் ரோட்டில் கிடக்கும் சிறு கல்கூட ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஏழரை மணிக்குச் செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு. கணவர் ஜன்னலை இறக்கினார்.

“செல்வி, நிப்பாட்டு. டாக்டர் வண்டி இருமுது.”

பச்சை வண்டி குலுங்கி வந்து ஓரத்தில் நின்றது.

“மூணு பட்டறை பார்த்தாச்சு சாரே,” என்றார் தாமஸ். “ஏத்தம் வந்தா இதே கதைதான். வித்துடலாம்னு இருக்கேன்.”

கணவர் கதவைத் திறந்து இறங்கினார். “சின்ன ரப்பர் டியூப் எதுவும் இருக்கா?” என்றார்.

இருந்தது. ஓடும் இன்ஜினருகே அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். “விசிறி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அவர் கையை விலக்கி வைத்தேன். டியூபின் ஒரு முனையைக் காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். பிறகு அடுத்த கார்புரேட்டர்.

“முன்னால உள்ளது நல்லா காத்து இழுக்குது. பின்னால உள்ளது பாதிதான். ரெண்டும் ஒண்ணுபோல மூச்சு விடணும்லா?”

நான் இணைப்பைத் தளர்த்த, அவர் திருகை அரைச்சுற்று திருப்புவார், கேட்பார், மறுபடி திருப்புவார். இருபது நிமிடம். குலுக்கல் நின்று, சத்தம் ஒரே சீராக வந்தது.

கேரள எல்லையான கோட்டைவாசல் வருவதற்குள் பச்சை எங்களை முந்திவிட்டது.

எட்டரை மணி, ஆரியங்காவு. இரண்டிலும் ஒரு சுற்று போய்வந்துவிட்டுக் கணவர் தீர்ப்புச் சொன்னார்: “ஏத்தத்துல நம்ம வண்டிக்குத்தான் பலம். ஆனா வளைவுல டாக்டர் வண்டி ரோட்டை விடவே மாட்டேங்குது. மொத்தத்துல அதுதான் ஒரு படி மேல.”

“இன்னைக்குக் காலையில அப்படி இல்லையே சாரே,” என்ற தாமஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. விற்கிற பேச்சே அப்புறம் வரவில்லை. பச்சை புனலூர் நோக்கி இறங்கியது.

திரும்பும் வழியில் புளியரைச் சோதனைச் சாவடியில் காவலர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“யாரு வண்டிம்மா இது?”

“இவுக கட்டுன வண்டி சார். காலையில ஒரு பச்சை வண்டி மேல போச்சுல்லா, அதைச் சரிபண்ணுனதும் இவுகதான்.”

பச்சை வண்டியைப் பற்றிக் காவலர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன், சத்தமாகவே.