யாரிடமும் கேட்காமல் திறக்கும் கதவு

"படிச்ச கதையவே எத்தினி வாட்டி எடுத்துக்கினு போவ?" என்று சின்ன வயதில் எங்கள் ஊர் நூலகர் என்னிடம் கேட்பார். போன வாரம் திண்டிவனத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த மாயக்கதைப் புத்தகத்தையே பார்த்து வாங்கியபோது, அட்டையின் பசை வாசனையோடு நூலகத்தின் அந்த ஒற்றை அறையும், கறகறவென்று சுற்றும் மின்விசிறியும், யார் வீட்டுப் பெண் என்று தினமும் விசாரித்த பிறகே உள்ளே விடும் அவர் குரலும் திரும்பி வந்தன. கதையில் வரும் கோட்டைக் கதவு யாரிடமும் அப்படிக் கேட்காமல் திறக்கும். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப அதற்குள் போனேன். பிறகு யாருமே வருவதில்லை என்று சொல்லி அதிகாரிகள் அந்த அறையை இடித்துவிட்டார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சீட்டில் தேதிகளுக்கு எதிரே முழுக்க என் உறுப்பினர் எண்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த நான் அவர்களுக்கு ஆளாகவே தெரியவில்லை. திங்கட்கிழமை விழுப்புரம் போய், நூலகம் கேட்டு எழுதிய மனுவோடு அந்தச் சீட்டின் நகலையும் இணைத்து கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.