துபாயிலேயே நின்றுவிட்ட ஜி.பி.எஸ்.

2010 கோடையில் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் என் மனைவிக்கு இன்டர்வியூ. பத்து மணிக்கு இருக்க வேண்டும். எட்டரைக்கே கடலூரிலிருந்து காரில் கிளம்பிவிட்டோம். துபாயிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி, அங்கே தன் காரில் வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவியில் நம் ஊர் மேப்பையும் ஏற்றி, "வச்சிக்கோங்க மாமா" என்று முந்தின நாள்தான் தந்திருந்தான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் பாலம் வேலை. கிராமத்துச் சாலையில் திருப்பிவிட்டார்கள். முதல் பிரிவிலேயே வழி புரியவில்லை. கருவியைப் போட்டேன். சாட்டிலைட் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. மேப்பில் எங்கள் கார் இன்னமும் மச்சானின் துபாய் தெருவில் நின்றது.

"யாரையாவது கேளுங்க."

"ரெண்டு நிமிஷம் இரு, புடிச்சிடும்."

பிடிக்கவில்லை. குத்துமதிப்பாகத் திருப்பிய சாலை ஓர் இறால் பண்ணையில் போய் முடிந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கருவியின் தலையில் ஓங்கித் தட்டினேன். அவள் இறங்கிப் போய், எதிரே வந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"சிதம்பரமா? இந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க? திரும்பிப் போயி, தண்ணி டேங்க்கு கிட்ட சோத்தாங்கைப் பக்கம் போங்க."

போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். அவளைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. தாமதத்தால்தான் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் கருவியை ஒரு கார் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை வெளியே வெயிலில் வைத்தார். கால் மணி நேரத்தில் கடலூரைக் காட்டியது. அவர் வாசலில் நின்ற என் காரை ஒரு தடவை பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. நாலு சாட்டிலைட்டு சிக்னலாவது கெடைச்சாத்தான் ஒவ்வொண்ணும் எவ்ளோ தூரம்னு பாத்து எடத்தைக் கணக்குப் போடும். அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற சிக்னல், ரொம்ப வீக்கு. உங்க கண்ணாடில ஒட்டியிருக்கற ஃபிலிம்ல மெட்டல் கலந்திருக்கு, அது மறைச்சிடும். துபாய்ல ஆஃப் பண்ணி இங்க ஆன் பண்ணா மொத தடவை ஜாஸ்தி நேரம் வேற புடிக்கும். வெட்டவெளியில அசையாம வெச்சிருக்கணும்."

வெயிலுக்காக அந்த ஃபிலிமை ஆசைப்பட்டு ஒட்டியவன் நான்தான். வீட்டில் சொன்னபோது, "சரி, விடுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை பிளேடால் முன்கண்ணாடி ஃபிலிமை உரித்தேன். பாதிப் பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. எத்தனை தேய்த்தும் போகவில்லை.