தாலித்தட்டு யார் கையில்

என் கல்யாண வேலைகளை நானே பார்த்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பார்க்க வேறு ஆள் இல்லை. நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் பருத்திக் காட்டை வைத்துக்கொண்டு அம்மா என்னைப் படிக்க வைத்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மதுரையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும் அவளையும் அழைத்து வந்துவிட்டேன். மாப்பிள்ளை என் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். உறவுமுறையும் சரியாக இருந்ததால் பெரிய சண்டை ஒன்றும் இல்லாமல் பேச்சு முடிந்தது.

சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கல்யாணத்த ஊர்லயே வச்சுக்கிருவோம். நானும் ஒன் பெரியம்மாவும் முன்னால நின்னு செஞ்சு வைக்கிறோம். ஒங்காத்தா அடுப்படிப் பக்கம் பாத்துக்கிரட்டும்" என்றார்.

புருஷன் இல்லாதவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினைந்து வருஷம் பருத்திக் காட்டில் முன்னால் நின்றவள் ஒரு நாள் மட்டும் பின்னால் நிற்க வேண்டுமா? "கல்யாணம் மதுரையில தான் பெரியப்பா. தாலித்தட்ட அம்மாதான் கொண்டு வருவாங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வைத்த காப்பியைக் குடிக்காமல் போனார்.

எங்கள் பக்கத்தில் தேங்காயும் மஞ்சள் அரிசியும் நிறைந்த தட்டில் தாலியை வைத்து, வந்திருக்கும் எல்லாரிடமும் கொண்டுபோய்த் தொட்டுக் கும்பிடச் சொல்லி, பிறகுதான் மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். தட்டை எடுத்து வருகிறவள் பூவும் பொட்டும் உள்ளவளாக இருக்க வேண்டும். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்வதில்லை. அந்த நேரம் வந்தால் தட்டு தானாகவே சரியான கைக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று முடிவு செய்தேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "உன் இஷ்டம். எனக்கு ஒன்பது மணிக்கு டிபன் கிடைச்சாச் சரி" என்றார். அவர் சுபாவம் இன்றும் அதுதான்.

பெரிய மண்டபம் பிடித்தால் அதில் ஒரு மேனேஜர் இருப்பார், எல்லாவற்றையும் வழக்கப்படி நடத்திவிடுவார். அந்த வழக்கப்படி என்பதுதான் எனக்கு ஆகாது. அதனால் மாசி வீதிக்குப் பின்னால் சந்துக்குள் அறுபது பேர் உட்காரக்கூடிய சின்ன மண்டபம் ஒன்றைப் பிடித்தேன். மற்றதற்கெல்லாம் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கடைகளாகப் பார்த்தேன். முகத்துக்கு முகம் நேராகச் சொல்லிவிடலாம் அல்லவா.

முதலில் அச்சகம். பெரியவர் ஒருவர் தானே எழுத்துக் கோத்து, தானே மிஷினை மிதித்து அடிப்பார். அழைப்பவர் என்ற இடத்தில் அம்மா பெயரைப் போடச் சொன்னேன்.

"பெரியப்பா, சித்தப்பா யாரும் இல்லையாம்மா?"

"இருக்காரு. அம்மா பேரைப் போடுங்க."

மறுநாள் புரூப் பார்க்கப் போனால் அம்மா பெயருக்கு மேலே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். என்னவென்று கேட்டேன். "சில வீட்ல கடைசி நேரத்துல மனசு மாறுவாக. மறுபடி பிரிச்சுக் கோக்க முடியாதுல்ல, அதான் எடம் விட்டு வச்சேன்" என்றார் சாந்தமாக. முப்பது வருஷ அனுபவமாம். இடத்தை மூடச் சொல்லி, அவர் மூடும் வரை அங்கேயே நின்றேன்.

சேலைக்குச் செல்லூர்ச் சந்தில் ஒரு தறிக்கூடம். என் முகூர்த்தச் சேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அரக்கு, எல்லாரும் கட்டுவதுதான். அம்மாவுக்கு மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வேண்டும் என்றேன். தறிச் சத்தத்தில் நெசவுக்காரருக்குக் காது கேட்கவில்லை. யாருக்கு என்று கத்தினார். அம்மாவுக்கு என்று நானும் கத்தினேன். "அப்பா என்ன செய்றாரு?" என்று அடுத்த கேள்வி. அப்பா இல்லை என்று நான் கத்தியது அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. அவர் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"அப்படின்னா சந்தனக் கலர்ல சின்னக் கரை போட்டுத் தாரேன் தங்கச்சி. அவுகளுக்கும் உறுத்தாது."

"மஞ்சள் தான் அண்ணே."

"சரி, நீங்க சொல்றது தான்" என்று உள்ளே போய்விட்டார். அவர் முகத்தில் சம்மதம் இல்லை. எனக்கு அவர் சம்மதம் தேவைப்படவும் இல்லை.

சமையல்காரர் மட்டும் தொந்தரவு கொடுக்காதவர். கல்யாண அடுப்பை அம்மாதான் முதலில் பற்ற வைப்பாள் என்றதற்கு, "யாரு பத்த வச்சாலும் எரியத்தானம்மா போகுது, வெறகு காஞ்சிருந்தாச் சரி" என்றார். அம்மாவுக்குத் தனியாக நாலு முழம் மல்லிகை கட்டச் சொன்னபோது பூக்காரம்மா வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அம்மா தட்டை நீட்டியதும் மேளம் கொட்ட வேண்டும் என்று நாதஸ்வரக்காரரிடமும் சொல்லி வைத்தேன். போட்டோக்காரரிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணெதிரே நடப்பதை எடுக்கப்போகிறவருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அம்மா மஞ்சள் சேலை கட்டினாள். பூவை மட்டும் தலையில் வைக்காமல் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள், அதை நான் கண்டும் காணாததுமாக இருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். இரண்டு கிழவர்கள் தொடாமல் வெறுமனே கும்பிட்டார்கள். மற்றவர்கள் தொட்டார்கள். பெரியப்பா வந்திருந்தார். தட்டு அருகில் வந்தபோது எழுந்து வேட்டியைச் சரிசெய்வதுபோல வெளியே போய்விட்டார், சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார். அம்மா தட்டை மாப்பிள்ளையிடம் நீட்ட, மேளம் கொட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கழுத்தில் தாலி ஏறும்போது நான் நினைத்தது அது ஒன்றைத்தான்.

மூன்று வாரம் கழித்து ஆல்பம் வந்தது. ஒன்றொன்றாகப் புரட்டினேன். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, பந்தி, பாயசம் ஊற்றுவது, இலைக்கு முன்னால் பெரியப்பா. அம்மா எங்குமே இல்லை. ஒரே ஒரு படத்தில், மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போது, ஓரத்தில் ஒரு தட்டும் அதைப் பிடித்த விரல்களும் இருந்தன.

ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அந்த ஆளை உண்டு இல்லை என்று பார்த்துவிடுவது என்றுதான் படியேறினேன்.

"எங்க அம்மா என்ன, ஆகாதவங்களா? அவங்கள மட்டும் எப்படி ஒதுக்கினீங்க?"

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காரு தங்கச்சி. நான் ஒதுக்கல. அன்னைக்கு விடியக்காலையில நான் லைட்டு மாட்டிக்கிட்டு இருக்கையில உங்க அம்மாதான் வந்து சொன்னாக. 'நான் ஒரு படத்துலயும் விழுகாமப் பாத்துக்கோங்கய்யா, எம் மககிட்டச் சொல்லாதீக'ன்னாக. நான் எம்புட்டோ கவனமாத்தான் எடுத்தேன். அந்த ஒண்ணுல கை விழுந்துருச்சு."

ஆல்பத்தை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோக்காரர்கிட்ட நீயா சொன்னே?"

"ஆமா."

"ஏம்மா?"

முறத்தை நிறுத்தாமலே சொன்னாள். "நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு காச்ச, தலவலின்னு வந்தாலும் அந்தப் படத்தத்தான் எடுத்து வச்சுப் பேசுவாக. நான் நின்னது அன்னைக்கோட போயிரும். படம் போகாதுல்ல."

"அம்புட்டுப் பயம் இருந்தா எதுக்கு நின்னே? எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"தட்டு எங்கையில இருந்த நேரம் பூரா ஒங்கப்பன் மொகந்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு." முறத்தைக் கீழே வைத்தாள். "சரி, நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே? மாலையக் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சிருப்பே. அந்தப் பயந்தான் எனக்குப் பெருசா இருந்துச்சு. அதான் நின்னேன்."

எழுந்திருக்கத்தான் செய்திருப்பேன். அச்சகத்திலும் செல்லூர்ச் சந்திலும் பூக்கடையிலும் அம்மாவுக்காக அத்தனை பேரிடம் சொன்ன நான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா அவளைக் கேட்காமல் அடுப்படிக்கு அனுப்பப் பார்த்தார். நான் அவளைக் கேட்காமல் மேடைக்கு அனுப்பினேன்.