காலி இடமும் இருநூறு வாட்டும்

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முந்தாநாள் மத்தியானம், பூரண சுயநினைவோடு, என் பழைய கம்ப்யூட்டரை நானே எரித்தேன். தீ வைத்தெல்லாம் இல்லை. பரணிலிருந்து இறக்கித் துடைத்து, வீட்டில் கிடந்த கார்டுகளையெல்லாம் அதில் செருகினேன். எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளையாக, ஆதியில் அதோடு வந்த சின்னப் பெட்டியையே திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டேன். காற்றாடி அரைச் சுற்று சுற்றியது. பட்டென்று ஒரு சத்தம். பிறகு கருவாடு கருகினாற்போல் ஒரு வாடை.

தாங்காது என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

அந்தக் காலத்தில் இந்த வாடை கிளம்பினால் அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "நான் அடுப்புல ஒண்ணும் வைக்கலயே! ஒங்க பொட்டியா?" அவள் போனபிறகு சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வருகிறது. வீட்டில் ஏதாவது கருகினால் அது என் வேலையாகத்தான் இருக்க வேண்டும், விசாரணைக்கே இடமில்லை.

அப்போது எனக்குப் பழைய துறைமுகத்தில் வேலை. தோணிகளில் சரக்கு ஏற்றும்போது பக்கத்தில் நின்று கணக்கெடுப்பது. தோணியின் பக்கவாட்டில் போட்ட கோட்டைத் தண்ணீர் தொட்டுவிட்டால் ஏற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். தோணி ஓட்டும் தண்டல் கெஞ்சுவார்: "அண்ணாச்சி, உள்ள எடம் கெடக்குல்லா? இன்னும் கொஞ்சம் வெங்காய மூட்ட ஏத்திக்கிடுதோம்." நான் விறைப்பாகச் சொல்வேன்: "எடம் கெடந்தா போதுமாவே? தண்ணி தாங்க வேண்டாமா?"

இப்படிக் கரையில் நீதி பேசிய அதே ஆள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். உள்ளே கார்டு செருகுகிற ஸ்லாட்டுகள் வரிசையாகக் காலி. இடம் கிடக்கிறதே! கப்பல்காரர்கள் வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டுவந்து விற்கும் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். சவுண்டு கார்டு, இன்டர்நெட்டுக்கு ஒரு மோடம், சிடி டிரைவ், டிவி பார்க்க ஒரு கார்டு, கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க். எல்லாம் மாட்டி முடித்ததும் அது எழுந்திருக்க மறுத்துவிட்டது. முக்கும், ஒரு பச்சை விளக்கைக் காட்டும், படுத்துக்கொள்ளும்.

ஜெரோமைக் கூப்பிட்டேன். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன், கடற்கரைத் தெருக்காரன், என் வயதுதான். பவர் சப்ளையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். இருநூறு வாட். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"ஏலே, எடம் கெடந்தா போதுமா? தண்ணி தாங்க வேண்டாமா?"

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெரோம் வந்துவிடுவான். கம்ப்யூட்டருக்கு மூடி போடுகிற வழக்கமே ஒழிந்தது. ஸ்குரூ டிரைவரைச் சுழற்றிக்கொண்டு கேட்பான்: "சொல்லு, இன்னைக்கு யார எறக்க?" பாட்டு கேட்பதென்றால் டிவி கார்டும் மோடமும் இறங்கும். கிரிக்கெட் என்றால் சிடி டிரைவுக்கும் இரண்டாவது டிஸ்க்குக்கும் விடுமுறை. இறக்கிய கார்டுகளில் ஸ்லாட்டுக்குள் போகும் செம்புப் பல்லில் உப்புக்காற்றுக்குப் பச்சை பிடித்திருக்கும். பென்சில் ரப்பரால் அதைத் தேய்த்தபடியே பேசுவோம். எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். ஒன்று கூட நினைவில்லை. தரை முழுக்க ரப்பர் துகள் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. "ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளா?" என்று என் மனைவி விளக்குமாற்றோடு வந்து நிற்பாள்.

ஒரு ஞாயிறு ஜெரோம் கனமான ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் வெற்றி.

"பெரிய பவர் சப்ளைலே. ஜப்பான் போய்ட்டு வந்தவன்ட்ட சொல்லி வாங்குனேன். இனிமே ஒருத்தனையும் எறக்க வேண்டாம்."

மாட்டினான். அத்தனையும் ஒன்றாக ஓடின. பாட்டு வந்தது, கிரிக்கெட் வந்தது, மோடம்கூடக் கீச்சிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தோம். தேய்க்க எதுவுமில்லாததால் இரண்டு பேருக்கும் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூடியைப் போட்டு முடுக்கிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

அடுத்த வாரம் வாசலோடு தலையை நீட்டினான். "ஓடுதா?"

"ஓடுது."

"அப்பொ சரி, வாரேன்."

ஓடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அரிச்சந்திரன் பேரனாட்டம் உண்மையைச் சொன்னேன். அதன்பின் அவன் வருகை தேய்ந்தது. நானும் சும்மா இருக்கவில்லை; இன்னும் ஒரு டிஸ்க், இன்னொரு டிரைவ் என்று வாங்கி ஏற்றிப் பார்த்தேன். பாழாய்ப்போன ஜப்பான் பெட்டி எல்லாவற்றையும் தாங்கியது. பிறகு அவனுக்கு மஸ்கட்டில் வேலை. இப்போது கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குக் கேக் படம் அனுப்புவான். நான் பொங்கல்பானை படம் அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும்.

கார்டு விற்கும் கப்பல்காரர்களை இப்போது காணோம். கம்ப்யூட்டர் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். என் செல்போனைத் திறக்கவே முடியாதாம். கடைக்காரத் தம்பி சொல்கிறான். திறந்தாலும் உள்ளே இறக்குவதற்கு யாருமில்லை. உட்கார்ந்து ரப்பர் தேய்க்கும் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

பழுது என்றால் ஜெரோம் வருவான். நான் கண்ட ஒரே வழி அதுதான். அதனால்தான் முந்தாநாள் ஜப்பான் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தக் காரியம் செய்தேன். புகைந்த பெட்டியைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "பொட்டி படுத்துட்டுலே. எல்லாத்தையும் ஒண்ணா ஏத்திட்டேன். ஊருக்கு எப்ப வாரே?"

நேற்றுக் காலையில் பதில் வந்திருந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கோ."