கண்டக்டர் யார் கூரைக்குக் கீழே

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் கதவுக்கு மேலே மாறுகிற எண்களைப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றுச் சத்தத்தைக் கேட்பார். "நம்பி ஏறுறவன் பயணி. நம்பாம ஏறுறவன் மெக்கானிக்" என்பார். சந்தேகம்தான் அவருக்குச் சோறு போட்டது. சாயங்காலம் சீருடையைக் கழற்றும்போது அதை மட்டும் கழற்ற மறந்துவிடுவார். பழக்கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பார். போதகர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால், "ஏதோ இருக்கு" என்று பெரியம்மாவின் காதில் முணுமுணுப்பார். பெரும்பாலும் ஏதோ இருக்கவும் செய்யும். அன்றைக்குக் கட்டட நிதி அறிவிப்பு வரும்.

அப்படிப் பிரசங்கம் சீக்கிரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புதிய வரிச்சட்டம் எங்கள் சபைக்குள் நுழைந்தது. யாரும் கலைய வேண்டாம் என்றார் போதகர். சபையில் ஒரு தணிக்கையாளர் உண்டு. அவர் எழுந்து விளக்கினார். குடும்பங்களுக்கு இருந்த பழைய சலுகைகள் பல போய்விட்டன. பதிலுக்கு ஒன்று வந்திருக்கிறது. வயதான தாயையோ தகப்பனையோ தன் கூரைக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு, அது மகனோ மகளோ மருமகனோ, வரியில் நல்ல தள்ளுபடி. ஒரு பெரியவரை ஒரு வீடுதான் தன் வரிக்கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

போதகருக்குச் சந்தோஷம். "தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லி ஆண்டவர் எப்பவோ சொல்லிட்டார். அரசாங்கத்துக்கு இப்பத்தான் காதுல விழுந்திருக்கு" என்றார். சபை சிரித்தது. பெரியப்பா மட்டும் வாசலில் அவரை மடக்கினார்.

"ஐயா, ஆண்டவர் பொறந்தப்பவும் ரோம ராயன் வரிக்குக் குடிமதிப்பு எழுதத்தான் எல்லாரையும் அலைய விட்டான். எண்ணத் தெரிஞ்சவங்க யாருக்கும் இடம் குடுக்கத் தெரியல. தொழுவத்துலதானே படுக்கப் போட்டாங்க?"

"நல்லா இருக்கே. அடுத்த வாரம் பிரசங்கத்துல எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க. என் பேரை இழுக்காதீங்க" என்றார் பெரியப்பா. போதகர் ஏன் கேட்டார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் முதியவர்களுக்கு வசந்தம். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மின்விசிறிக்குக் கீழே வந்துவிட்டார்கள். அதுவரை முகம் தெரியாத மகன்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "அம்மா, காத்து வருதா?" என்று ஆலயம் முழுக்க ஒரே பாசம். ஒரு பாட்டியை இரண்டு மகள்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். எங்கே பிய்ந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது" என்றார் பெரியப்பா, பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு.

எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தார், பெரியம்மாவின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்தவர். குளியலறைக்கு வரிசை சேர்ந்தால், "இறங்குறவங்களுக்கு வழி விடுங்கப்பா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அவர் ஒருமுறை வழுக்கி விழுந்ததும், உடைத்துப் போட்ட பழைய லிஃப்ட் ஒன்றின் கைப்பிடிக் கம்பியைப் பெரியப்பா கொண்டுவந்து, கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் பொருத்தினார். கம்பியைத் தானே பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகுதான் மாமனாரைத் தொட விட்டார். நான் அந்த வீட்டின் முன்னறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் என்னை எழுப்புவது அந்தக் கம்பியில் உரசுகிற கண்டக்டரின் மோதிரம்தான்.

அந்த வாரமே பெரியம்மாவின் தம்பி வந்தார், கையில் ஒரு பை ஆப்பிளோடு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இதே ஊரில் மறுகோடியில்தான் வீடு. ஆனாலும் அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்து நெடுநாளாகியிருந்தது.

"அக்கா, அப்பாவைக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். என்கூடவே இருக்கட்டும்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். கயிற்றைக் கேட்கிற முகம்.

அந்த வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு வசனத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்து வாசிப்பார்கள். சமாதானமான நாட்களில் சங்கீதமாக வரும். அன்றைக்கு அம்பாக வந்தது. சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிற இடத்தைத் தம்பி எடுத்து வாசித்தார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை ஆண்டவர் வெளுத்து வாங்குகிற இடத்தைப் பெரியப்பா எடுத்தார். உதடுகளுக்குக் காவல் கேட்கிற சங்கீதம் பெரியம்மாவுடையது. அதை வாசிக்கும்போது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கண்டக்டருக்குக் கண் மங்கி எழுத்து தெரியாது என்பதால் வாசிக்காமல் வாயாலேயே சொன்னார்: "சீஷன் மீன் வாயைத் திறந்து வரிக்காசு எடுத்தான்ல? அந்த மீனை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

யாரும் ஆமென் சொல்லவில்லை.

தம்பி போன பிறகு பெரியம்மா பாத்திரம் கழுவினார். பெரியப்பா துடைத்து அடுக்கினார்.

"அவன் வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. சட்டம் வந்ததும் பாசம் வந்துருச்சு" என்றார் பெரியப்பா.

"அவனை விடுங்க. அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் தணிக்கைக்காரரைத் தூணுக்குப் பின்னாடி தள்ளிட்டுப் போனீங்களே, என்ன கேட்டீங்க?"

தட்டு துடைக்கிற சத்தம் நின்றது.

"மாமனாரும் கணக்குல வருவாரான்னு கேட்டேன்."

"வருவாரா?"

"வருவாராம்." துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு, "நான் என்ன சட்டத்தைப் பார்த்தா அவரை வச்சுக்கிட்டேன்?" என்றார்.

"இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னுதான் கேக்குறேன்."

அதற்குப் பிறகு பெரியப்பாவுக்கு அமைதி போயிற்று. மாமனாருக்குக் காபி கொடுக்கும்போதுகூடத் தன் கையைத் தானே சந்தேகமாகப் பார்த்தார். மச்சானைப் பிடிக்கவென்று வைத்த பொறியில் தன் விரலும் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், தொழில் கற்றுக்கொடுத்த வழியிலேயே முடிவெடுத்தார். பழுது பார்த்த லிஃப்டில் ஆட்களை ஏற்றும் முன் மணல்மூட்டைகளை ஏற்றுவார்கள். "வாயால கேட்டா எந்த பிரேக்கும் நல்ல பிரேக்தான். பாரம் ஏத்திப் பாக்கணும்" என்றார் என்னிடம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்பி காரோடு வந்தார். பெரியப்பா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கூட்டிட்டுப் போ மாப்ள. ஒண்ணே ஒண்ணு. அந்தச் சலுகையை மட்டும் நாங்க எழுதிக்கிறோம்."

பிள்ளைக்காகச் சண்டைபோட்ட இரண்டு பெண்களுக்கு நடுவே வாளைக் கொண்டுவரச் சொன்ன அரசனின் தோரணை அவர் முகத்தில் இருந்தது.

"சரி அத்தான்" என்றார் தம்பி.

"யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீங்களே எழுதிக்கோங்க."

பிரேக் பிடித்துவிட்டது. பெரியப்பாவுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடிக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

உள்ளேயிருந்து கம்பியைத் தடவிக்கொண்டு கண்டக்டர் வந்தார். "மாப்பிள்ளை, நான் எந்தக் கூரைக்குக் கீழ தூங்குறேனோ அந்த வீட்டுக்காரர்தானே எழுதணும்?"

"ஆமா மாமா."

"அப்ப நீங்க பொய் எழுதப் போறீங்க. டிக்கெட் எடுக்காதவன்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். நீங்க மூஞ்சியைப் பாத்தே சொல்றீங்களே!"

"சும்மா சோதிச்சுப் பாத்தேன் மாமா."

"காசைச் சுண்டிப் பாக்கலாம். ஆளைச் சுண்டிப் பாப்பாங்களா?"

பெரியப்பா அப்போதும் விடவில்லை. "அப்ப இத்தனை நாளா ஏன் வரல? அதைச் சொல்லச் சொல்லுங்க."

தம்பி அக்காவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். மனைவிக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை. பிள்ளைகள் இரண்டும் விடுதியில். "சாயங்காலம் கதவைத் திறந்தா, காலையில நான் வச்சுட்டுப் போன டம்ளர் வச்ச இடத்துலயே இருக்குக்கா. வரலாம்னு நெனப்பேன். வந்தா அத்தான், எதுக்கு வந்தேங்கிற மாதிரி பார்ப்பார். சட்டம் வந்த பிறகாவது ஒரு காரணம் இருக்கட்டும்னு வந்தேன்."

இது உண்மையா, சமயத்துக்கு உதவுகிற உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. பெரியம்மா அழுதார். பெரியப்பா அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது என்னைக் கேளுங்க" என்றார் கண்டக்டர். யாரும் கேட்காததால் தானே சொன்னார்: "இங்க நான் இறங்கிட்டாலும் வண்டியில ஆள் இருக்கு. அங்க வண்டியே காலியா ஓடுது. நான் ஏறிக்கிறேன்."

பெரியப்பா உள்ளே போய் ஸ்குரு டிரைவரோடு வந்தார். சுவரிலிருந்து கம்பியைக் கழற்றி, காரில் ஜன்னல் வழியாகப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, தானும் ஏறிக்கொண்டார். மச்சானின் வீடு உயரமான கட்டடத்தில் மேல்மாடி. லிஃப்டில் ஏறியதும் கண்ணை மூடினார்.

"நடுவுல ஒரு குலுங்கு குலுங்குது. கவனிச்சியா?"

"இல்லையே அத்தான்."

"கவனிக்க மாட்டே."

அங்கே தம்பி ஒரு முனையைப் பிடிக்க, பெரியப்பா மறுமுனையை முடுக்கினார். பிறகு வழக்கம்போலத் தொங்கிப் பார்த்தார். மச்சானையும் தொங்கச் சொன்னார்.

வரி எழுதுகிற காலம் வந்தது. சொன்ன வார்த்தைக்காகத் தம்பி எழுதவில்லை. பொய் ஆகிவிடும் என்று பெரியப்பாவும் எழுதவில்லை. முழு வரியும் இரண்டு வீட்டிலிருந்தும் போயிற்று. "இந்தச் சட்டத்தால லாபம் பாத்தது எங்க வீட்டுல அரசாங்கம் மட்டும்தான்" என்று பெரியம்மா போதகரிடம் சொல்லிச் சிரித்தார். கண்டக்டருக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "ஆயுசு பூரா டிக்கெட் கேட்டவன், கடைசியில வித்தவுட்ல போறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

விடுமுறை நாள் தவறாமல் பெரியப்பா அங்கே போவார். மொட்டைமாடியில் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறைச் சாவியைக் காவலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு முதலில் மேலே ஏறுவார். பிறகுதான் மாமனாரைப் பார்க்க இறங்குவார். ஒருநாள் தம்பி ஃபோனில் அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அக்கா, அத்தான் எதுக்கு வாராவாரம் வர்றார்?"

"லிஃப்ட்டைப் பாக்கத்தான்டா."

"அது அவர் கம்பெனி லிஃப்ட்டே இல்லையே?"

"அதனாலதான் நம்ப முடியலையாம்" என்றார் பெரியம்மா.