ஷாப் மலையேறிப் போன பல் செட்டு

எல்லிஸ் பட்டர்வொர்த்துக்கு லாரி ஓட்டத் தெரியும், யூஃபோனியம் ஊதத் தெரியும். மூன்றாவதாக ஒரு வேலை சொன்னால் மறந்துவிடுவார். பால் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்புவார், போனதே எதற்கு என்று வாசலில் நின்று யோசிப்பார். ஆனால் எட்டுச் சக்கர அட்கின்சன் லாரியில் முழுப் பாரத்தோடு வட இங்கிலாந்தின் ஷாப் மலையில் ஏறச் சொல்லுங்கள், எந்த வளைவில் எந்தக் கியர் என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார். மனுஷன் மண்டையில் இருந்த இடத்தையெல்லாம் அந்த மலையும் அந்தக் குழலும் பிடித்துக்கொண்டால் பாலுக்கு எங்கே இடம்?

அவர் மனைவி ஹெட்டி முப்பது வருடமாகப் பஞ்சாலையில் தறி ஓட்டுபவள். ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான தறிகள் அடிக்கிற இரைச்சலில் ஹாலிங்ஷா ஊர்ப் பெண்களின் காது பாதி வயதிலேயே போய்விடும். அதற்காக அவர்கள் பேச்சைக் குறைத்தார்களா என்றால் அதுதான் இல்லை. உதட்டசைவைப் பார்த்தே தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவளோடு ஊர்வம்பு முழுவதும் பேசி முடிப்பார்கள். ஹெட்டிக்குக் கீச்சுச் சத்தமெல்லாம் அடியோடு போய்விட்டது. குருவி, மணி, குழந்தை அழுகை எதுவும் கேட்காது. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும்.

கல்யாணமான புதிதில் எல்லிஸ் ஊர் பேண்டில் கார்னெட் ஊதினார். கீச்சென்று ஒலிக்கிற சின்னக் குழல் அது. "நீ ஊதுறப்ப கன்னம் உப்புறது மட்டுந்தான்யா தெரியுது. அந்தக் குண்டுக் குழல் இருக்கே, அதை ஊதினா இங்க வந்து இடிக்குது" என்று ஹெட்டி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அடுத்த வாரமே கார்னெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோலப் பிடித்து ஊதும் யூஃபோனியத்துக்கு மாறிவிட்டார் மனுஷன். வீட்டில் ஊதினால் அவளுக்குக் கேட்கும். தெருவில் பேண்டோடு சேர்ந்து ஊதும்போதுதான் முரசும் மற்றதும் சேர்ந்து எல்லாம் ஒரே உறுமலாகிவிடும். "எது நீ, எது மத்தவன்னே புரியல" என்பாள். இத்தனை வருடத்தில் ஊர் கூடி நிற்கிற இடத்தில் இதுதான் என் புருஷன் என்று அவள் காதால் கண்டுபிடித்ததே இல்லை.

அந்த வருடம் விட் வெள்ளிக்கிழமைத் திருநாளில் நடக்கும் பேண்டுப் போட்டிக்கு பேண்டு மாஸ்டர் எடுத்த பாட்டின் நடுவில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். யூஃபோனியம் மட்டும் தனியாக ஊதும். அந்த இடம் எல்லிஸுக்குக் கிடைத்தது. வழக்கமாக அதை ஊதுகிற ஹொரேஸ் கிளெக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "லாரிக்காரனுக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும்" என்று மதுக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தான். எல்லிஸ் குழலிலிருந்து ஊதுவாயை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓட்டுகிற நேரமெல்லாம் அதிலேயே ஊதிப் பழகினார். எஞ்சின் கத்தலுக்கு மேல் அவருக்கே சத்தம் கேட்காது, உதட்டில்தான் சுருதி தெரியும். அட்கின்சனின் கார்ட்னர் எஞ்சினும் ஓட்டுநர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து கச்சேரி செய்யும். அதன் மூடிமேல் காலையில் ரொட்டியும் பன்றிக்கறியும் வைத்தால் மலையடிவாரம் சேர்வதற்குள் சூடாகிவிடும். குளிருக்குக் காலில் சுற்றிக்கொள்ளச் சாக்கு. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள் இரண்டும் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது.

ஒரே ஒரு தொந்தரவு, பல். அந்த வசந்தத்தில்தான் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் புது செட்டு மாட்டியிருந்தார். அது இல்லாமல் ஊதினால் உதடு உள்ளே மடிந்து வெறும் காற்றுதான் வரும். மாட்டியே இருந்தாலோ ஈறு எரியும். அதனால் பழகும்போது மாட்டுவார், பழகி முடித்ததும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் பலகையில் வைப்பார்.

போட்டிக்கு முதல் நாள் வியாழக்கிழமையும் அப்படித்தான் வைத்தார்.

ஷாப் ஊரில் பெர்த்தாவின் சாப்பாட்டுக் கடை. கிளாஸ்கோவிலிருந்து டூகல் மக்ஃபேல் தெற்கே வருவான், எல்லிஸ் வடக்கே போவார். இரண்டு பேரும் ஒரே கம்பெனி. நடுவழியில் இந்தக் கடையில் சந்தித்து, ஒருவர் லாரியை மற்றவர் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். சரக்கு நிற்காமல் போகும், ஆளும் அன்று சாயங்காலமே வீட்டில் இருப்பான். பை, சாக்கு, தேநீர்க் குடுவை, அதோடு லாரி மாற வேண்டும். பல வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும்.

"நாளைக்குக் கச்சேரியாமே அண்ணே? ஊதுறப்ப பல்லு பறந்து போயி ஜட்ஜு மூக்குல கடிச்சிடாம பாத்துக்க" என்றான் டூகல்.

"நீ என் வண்டிய ரெண்டாவது கியர்ல அழ வைக்காம ஓட்டு, அது போதும்" என்றார் எல்லிஸ், சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

"சாப்பிடுறப்பகூட ரெண்டு பேருக்கும் வாய் ஓயாதா? தட்டை எடுக்கணும், எந்திரிங்க" என்று பெர்த்தா துரத்தினாள்.

பையை எடுத்தார், சாக்கை எடுத்தார், குடுவையை எடுத்தார். டூகல் கொண்டுவந்த லேலண்டில் ஏறித் தெற்கே கிளம்பினார். மலையில் இறங்கும்போது ஒரு தடவை ஊதிப் பார்ப்போம் என்று சட்டைப் பையிலிருந்து ஊதுவாயை எடுத்தார். பல்லுக்காகக் கண்ணாடிக்கு மேலே கையை நீட்டினார். அங்கே டூகலின் பழைய சிகரெட் பெட்டிதான் இருந்தது.

பல் செட்டு அவருடைய அட்கின்சனில் ஏறிச் சுகமாக ஸ்காட்லாந்து போய்க்கொண்டிருக்கிறது! முதுகுக்குப் பின்னால் விஸ்கிப் பீப்பாய்கள், முன்னால் இறக்கம், நீளமான எட்டுச் சக்கர வண்டியைத் திருப்ப இடமே இல்லாத சாலை. "மடையா, மடையா" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் குத்தினார். ஹொரேஸ் கிளெக்கின் இளிப்பு கண்முன் வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முன்வரிசையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கப்போகிற ஹெட்டிக்கு என்ன பதில் சொல்வது?

எதிரே மீன் லாரி ஒன்று ஏறி வந்தது. சந்தையில் மீனை இறக்கிவிட்டு அபர்டீனுக்குத் திரும்புகிற காலி வண்டி. அந்தச் சாலையிலேயே மீன் லாரிக்காரர்களை விட வேகமாகப் போகிறவன் கிடையாது. எல்லிஸ் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, பாதிச் சாலையை மறித்து நிறுத்திவிட்டுக் கீழே குதித்தார்.

"யோவ், சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று கத்தினான் ஓட்டுநர் ஆர்ச்சி.

எல்லிஸ் வாயை அகலத் திறந்து காட்டினார். ஆர்ச்சி எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். எல்லிஸ் விஷயத்தைச் சொன்னார். ஹெட்டியைப் பற்றியும் சொன்னார். அப்போது ஆர்ச்சி சிரிப்பை நிறுத்தினான்.

"டூகல் வண்டி ஸ்காட்லாந்துல பீட்டாக் மலை ஏத்தத்துல நடந்துதான் போகும். அங்க பிடிச்சிடுறேன் அண்ணே. தெற்க வர்ற எவன் கையிலயாவது குடுத்து அனுப்பச் சொல்றேன். நீ போய் வீட்டுக்காரிகிட்ட வாங்கிக் கட்டிக்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ முனகினார்.

"கையை எடுய்யா. உதடு தெரியாம நான் என்னத்தைக் கேக்குறது?" என்றாள் ஹெட்டி.

கையை எடுத்தார். சொன்னார். பல்லில்லாத உதடு எந்த எழுத்துக்கும் சரியாக மடங்கவில்லை. கடைசியில் கையால் லாரியும் மலையும் பல்லும் காட்டி ஒரு நாடகமே நடத்த வேண்டியதாயிற்று. ஹெட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள்.

"உன் தலை கழுத்தோட ஒட்டியிருக்கிறதால நான் பிழைச்சேன். இல்லைன்னா அதையும் ஷாப்ல விட்டுட்டு வந்திருப்பே." திட்டிவிட்டுக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். அவர் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து தோளில் கை வைத்தாள். "வரலைன்னா வரல. அடுத்த வருசம் கேட்டுக்கிறேன். அதுக்குள்ள மிச்சமிருக்கிற காதையும் தறி தின்னுடாம இருந்தா சரி." சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லிஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பேண்டுச் சீருடையோடு நெடுஞ்சாலை முனையில் போய் நின்றார். அங்கேதான் தெரிந்தது, ஆர்ச்சி விஷயத்தை எப்படிப் பரப்பியிருக்கிறான் என்று. வருகிற லாரிக்காரனெல்லாம் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினான்.

"பல்லு வந்துச்சா அண்ணே?"

"வழியில ஒரு கன்னுக்குட்டி மாட்டிக்கிட்டுச் சிரிச்சுது, உன்னதா பாரு!"

"வேணும்னா என் கியர் பல்லு ரெண்டு தரட்டா?"

ஒருவன் மட்டும் உருப்படியான தகவல் சொன்னான். டூகல் பல்லைக் காகிதம் ஏற்றி வந்த ஒரு லாரிக்காரனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான், அவன் பெர்த்தா கடையில் ஒப்படைத்திருக்கிறான், பெர்த்தா யாரிடமோ கொடுத்திருக்கிறாள். யாரிடம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது. ஊருக்குள் முதல் பேண்டின் முரசு கேட்டது. ஹொரேஸ் கிளெக் தேடிக்கொண்டு வந்தான், குழலைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

"நம்ம முறை வரப்போகுது. பேண்டு மாஸ்டர் கூப்பிடுறாரு. கவலைப்படாத, அந்த இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் முகத்தில் இருந்த பரிவைப் பார்த்தால் அறைய வேண்டும்போல இருந்தது.

எல்லிஸ் திரும்பி நாலடி வைத்திருப்பார். பின்னால் நீளமாக ஒரு ஹாரன். கம்பளி மூட்டை ஏற்றிய ஃபோடன் லாரி ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. முன்பின் பார்த்திராத ஒரு குண்டு மனிதர் இறங்கி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"பல்லுக்காரர் யாருங்க?"

பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினார். உள்ளே பல் செட்டு; பெர்த்தா அதை வெந்நீரில் கழுவிச் சுத்தத் துணியில் சுற்றியிருந்தாள். எல்லிஸ் நடுத்தெருவில் ஊர் பார்க்கப் பல்லை மாட்டிக்கொண்டார். மாட்டிய வேகத்தில் அந்தக் குண்டு மனிதரின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தார். "சீ, போய்யா!" என்று அவர் துடைத்துக்கொண்டார். அப்புறம் லாரியை ஓரம் கட்டிவிட்டு, "இவ்வளவு தூரம் கொண்டாந்தேன், கேக்காமப் போவனா?" என்று கூடவே வந்தார்.

தெருவை அடைத்துக்கொண்டு சனம். நடுவர் எந்த பேண்டு என்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் திரை போட்ட ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஹெட்டி முன்வரிசையில், பக்கத்து வீட்டுக்காரி அருகில். கூட்டத்தில் ஹெட்டியின் கண் ஒரு நொடி ஓயாது. யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு வாயாகப் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் அவளுக்குக் காது.

பாட்டு தொடங்கியது. முரசு, கார்னெட், எல்லாம் சேர்ந்து முழங்கின. சட்டென்று எல்லாம் நின்றது. எல்லிஸ் மூச்சை இழுத்து ஊதினார். ஈறு எரிந்தது. முதல் ஸ்வரம் கொஞ்சம் நடுங்கியது, பிறகு ஷாப் மலையில் முழுப் பாரத்தோடு ஏறுகிற வண்டிபோல நிதானமாக, நிற்காமல், ஏறியது. குழலின் விளிம்புக்கு மேலாக ஹெட்டியைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைச் சுரண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹெட்டி திரும்பவே இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

எல்லிஸுக்குப் பார்வை மங்கிவிட்டது. பேண்டு மாஸ்டரின் கோல் நிறுத்து என்று இறங்கியது மங்கலாகத் தெரிந்தது. பரிசு போனால் போகட்டும் என்று, அந்தக் கடைசி ஸ்வரத்தை மூச்சு தீர்கிற வரைக்கும் நீட்டி ஊதினார்.