வெயிலில் பெய்த புளியமரம்

மேகமே இல்லாத சித்திரை மத்தியானத்தில் எங்கள் வீட்டுப் பின்கொல்லைப் புளியமரத்தடியில் நின்றால், முழங்கையில் ஊசிமுனைக் குளிர்ச்சியாய் ஒரு துளி விழும். நிமிர்ந்தால் வெயிலின் குறுக்கே இன்னும் சில துளிகள் வெள்ளி இழைகளாய் இறங்கும். அதற்கும் மேலே, மரத்தையே யாரோ ரம்பம் வைத்து அறுப்பதுபோல் சில்வண்டுகளின் இரைச்சல். அந்தத் துளிக்கும் அந்த இரைச்சலுக்கும் ஒரே வயிறுதான் என்று ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் அறிந்தவள் ஒருத்தி மட்டுமே. அவளுக்கு அப்போது பாவாடை நாடாவைக்கூட ஒழுங்காக முடியத் தெரியாது.

மற்றப் பிள்ளைகள் சில்வண்டின் காலில் நூல் கட்டிப் பறக்கவிட்டார்கள். எனக்கு அந்த விளையாட்டும் பிடிக்காது, அந்தப் பிள்ளைகளும் பிடிக்காது. நான் மரத்தடியில் மல்லாந்து கிடந்து, காதாலேயே ஆளைப் பிரிப்பேன். வெயில் ஏறும்போது ஒரே மூச்சாக இழுக்கிற வண்டுக்கு நான் வைத்த பெயர் 'சாணைக்காரன்'. கண் கறுப்பு, இறக்கை கண்ணாடி. விட்டு விட்டுத் தட்டுகிற 'தையல்கார'னின் இறக்கையில் புகையிலைக் கறை மாதிரிப் புள்ளிகள். பட்டையில் உட்கார்ந்தால் பட்டையாகவே ஆகிவிடுவான். பொழுது சாயும்போது மட்டும் குரலெடுத்து, விளக்கு வைப்பதற்குள் அடங்கிவிடும் 'பொழுதுக்கார'னைக் கண்ணால் பார்க்க எனக்கு அடுத்த கோடைவரை ஆயிற்று. கழுத்து அப்படியொரு பச்சை, தளிர்ப் பச்சை. பெண் பூச்சிக்குக் குரல் கிடையாது. வயிற்றடியில் இரண்டு சின்ன மூடி இருந்தால் ஆண். முதுகு பிளந்து பட்டையில் தொற்றி நிற்கும் காலிக் கூட்டை 'சட்டை' என்போம். எந்தச் சட்டை யாருடையது என்று அளவைப் பார்த்தே சொல்வேன். எவனைப் பிடித்தாலும் முதலில் உள்ளங்கையில் பீய்ச்சிவிடுவான். தண்ணீர் மாதிரி, நாற்றமே இல்லாத மூத்திரம். நாளெல்லாம் மரத்தின் சாற்றைக் குடிக்கிற பூச்சி வேறென்ன செய்யும்?

ஒரு வருஷம் பூச்சி அதிகம். ஆகவே தூறலும் அதிகம். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, ஊரில் எந்தப் பேச்சிலும் முதல் ஆளாக வாய் திறந்து கடைசி ஆளாக எழுந்து போகிறவர். புளி உலுக்க வந்து அண்ணாந்தவரின் முகத்தில் அது விழுந்தது. துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். கும்பிட்டார். "வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, மரம் பெய்யுதுடா! அம்மன் எறங்கிட்டாடா!"

நேற்றுவரை பேய் உட்காரும் மரமென்று பொழுது போனபின் அந்தப் பக்கமே ஒதுங்காத ஊர், மறுநாள் வரிசையில் நின்றது. மரத்துக்கு மஞ்சள் துணி ஏறியது. சந்தவாசலிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வேன் வைத்து வந்தார்கள். செம்பை ஏந்தினார்கள், கண்ணில் ஒற்றினார்கள், நாக்கை நீட்டினார்கள். என் அம்மாவும் முந்தானையை விரித்து நின்றாள். அவளை மட்டும் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடி?"

சொன்னேன்.

"கம்முனு கெட. உங்க பெரியப்பா காதுல வுழுந்துச்சின்னா தோல உரிச்சிடுவாரு" என்று சொல்லிவிட்டு, ஈர முந்தானையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

பெரியப்பாவுக்கு ஒரே குறை, இரைச்சல். அவர் அருள்வாக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார். வாக்கு யார் காதிலும் ஏறவில்லை. "சத்தமா சொல்லுங்க சாமி, ஒண்ணுங் கேக்கல" என்று செங்கத்து அம்மாள் ஒருத்தி காதருகே கையைக் குவித்தாள். அன்றே முடிவாயிற்று: பூச்சியைப் புகை போட்டு ஓட்டுவது, வருகிறவர்கள் காலில் சேறு படாமல் அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் போடுவது.

எனக்கு உயிரே போயிற்று. கிளையில் இருப்பவை மட்டுமா? வேரைப் பிடித்து மண்ணுக்குள் வருஷக்கணக்காய்ப் படுத்திருக்கும் குஞ்சுகள் எந்த வழியாக மேலே வரும்? கூட்டத்துக்குள் புகுந்து கத்தினேன்: "ஓட்டாதீங்க பெரியப்பா! மழயே அதுங்கதான்! அதுங்க மூத்திரத்தத்தான் எல்லாரும் குடிக்கிறீங்க!"

ஒருவர் வாயிலிருந்ததைத் துப்பினார். நான் பிற்பாடு எழுதிய எதற்கும் அவ்வளவு உடனடி மதிப்புக் கிடைத்ததில்லை. மற்றவர்கள் விழுங்கினார்கள். பெரியப்பாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. நான் பெயரே வைக்காத ஒரு சில்வண்டு என் காதுக்குள் கத்த ஆரம்பித்தது.

வேப்பந்தழையும் காய்ந்த மிளகாயும் சட்டி சட்டியாகப் புகைந்தன. பூச்சிகள் கொத்துக் கொத்தாய்க் கிளம்பி மலைச்சரிவில் இறங்கின. கேட்ட அமைதி கிடைத்தது. மறுநாள் மத்தியானம் செம்புகள் ஏந்தியபடியே இருந்தன. மரம் ஒரு சொட்டு விடவில்லை. புகை போட்ட சட்டி இன்னும் சூடாக இருந்தது, பக்கத்திலேயே செம்பு காய்ந்து கிடந்தது. ஒரு தலையிலாவது இரண்டும் சேர்ந்ததா என்றால் இல்லை. பெரியப்பா காரணம் கண்டுபிடித்தார்: "இந்தப் பொண்ணு வாய்ல வந்த சொல்லு. அம்மன் கோச்சிக்கினா."

ஈரத்துணியோடு மரத்தைச் சுற்றி மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன், பூச்சிகளிடம். எனக்குப் பின்னாலேயே சிமென்ட் குழைத்தார்கள். வீட்டில் தலை துவட்டும்போது அம்மா குரலைத் தாழ்த்தி, "நெசமாவா சொன்ன?" என்றாள். தலையாட்டினேன். சிகைக்காய் போட்டு, சிவக்கச் சிவக்க நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். வெளியே போய் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். மரம் நிற்கிறது, அடியில் டைல்ஸ், சுற்றிலும் கம்பிக் கதவு. பொழுதுக்காரன் குரலை அந்தக் கொல்லையில் அப்புறம் நான் கேட்கவேயில்லை. ஆனால் மரம் பெய்கிறது. பெரியப்பா மகன் கிளைகளில் சொட்டுநீர்க் குழாயை ஓட்டி, மஞ்சள் துணியால் மறைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மத்தியானம் திறந்துவிடுகிறான்.

"போர் தண்ணிதான்க்கா. சுத்தம். அந்தக் காலம் மாரி அசிங்கம் இல்ல."

"அது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"மரம் காஞ்ச அன்னிக்கே அப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சாமேக்கா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

தெரிந்தேதான் என்னைச் சுற்றவிட்டிருக்கிறார். முட்டாள் என்று இத்தனை காலம் அவருக்கு நான் கொடுத்திருந்த சலுகையை அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒருவர் கைப்பேசியை மரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். "கேளுங்கம்மா, எவ்ளோ சில்வண்டு! டவுன்ல எங்க இருக்குது இதெல்லாம்?" என்றார் என்னிடம். கொட்டகைக்குள் ஓடிய மோட்டார் அது. நான் ஆமோதிக்கக் காத்திருந்தார். அறை வாங்கிக்கொண்டு ஒரு காலத்தில் ஊருக்கே இலவசமாகக் கொடுத்ததை, இவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பா மகன் போய் மோட்டாரை நிறுத்தினான். இரைச்சலும் தூறலும் ஒரே நொடியில் அடங்கின.

"ஆளப் பாத்துப் பயந்துடிச்சிங்க போல" என்றார் அவர், ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே.